புஷ்பம் அக்காவின் அடுப்பு

புஷ்பம் அக்கா போய்விட்டார் என்று அவர் கணவர் மணியம் அண்ணன் காலையில் போன் செய்தபோது, என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "அடுப்பா?" என்பதுதான்.

"இல்லம்மா சாந்தி, தூக்கத்துலயே போயிட்டா. ஹார்ட்டுன்னு டாக்டர் சொன்னாரு," என்றார். மனைவியைப் பறிகொடுத்தவரிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் குளுவாங் சந்தையில் எங்கள் இருவரிடமும் முறுக்கு வாங்கிய உங்களுக்குத் தெரியும், அந்த அடுப்பைக் கண்டால் எனக்கு எவ்வளவு பயம் என்று. அக்காவே உங்களிடம் சொல்லிச் சிரித்திருப்பார்.

மரத்தூளை அழுத்திக் கோழித்தீவனம் போலச் செய்த பெல்லட்டுகளைப் போட்டு எரிக்கும் அடுப்பு அது. ஆயர் ஈத்தாம் பக்கம் பெல்லட் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவர் தம்பி கொண்டுவந்து, அக்கா வீட்டுப் பின்கட்டுச் சமையலறையில் பொருத்தினார். மேலே பெல்லட் தொட்டி, அடியில் துளை போட்ட தீக்கிண்ணம், பின்னால் காற்றை இழுக்கும் விசிறி, கூரைக்கு மேலே புகைக்குழாய். கேஸ் என்றால் மூடினால் அணைந்துவிடும். இது அணைந்த மாதிரி படுத்திருக்கும், உள்ளே கங்கு கண் விழித்திருக்கும். நான் ஓரமாய் நின்று மாவு பிசைவேன். அக்கா பாடிக்கொண்டே தீக்கிண்ணத்தைச் சுரண்டுவார். "என்ன லா, புலிக்கூண்டு முன்னால நிக்கிற மாதிரி நிக்கிற?" என்பார். அவருக்கு அப்போது பயமே கிடையாது.

ஓர் ஆயுத பூஜையன்று அடுப்பைப் பளபளவென்று துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பெரிய செவ்வந்தி மாலையும் போட்டார். "நமக்குச் சோறு போடுற அடுப்பு, மாலை இல்லாம எப்படி?" பூஜை முடிந்ததும், நல்ல நேரம் போய்விடும் என்று மாலையைக் கழற்றாமலே மூட்டினார். மழை சாய்ந்து அடித்ததால் ஜன்னல், கதவு எல்லாவற்றையும் அடைத்திருந்தோம். மாலை நழுவிப் பின்பக்கக் காற்றுத்துளையில் ஒட்டிக்கொண்டதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

தீ மஞ்சளாகச் சோம்பி எரிந்தது. கண்ணைக் கரிக்கிற அளவுக்குப் புகைகூட இல்லை. எனக்குத் தலை கனத்தது, விரதம் இருந்ததால் என்று நினைத்தேன்; காற்றில்லாமல் எரியும் தீயின் விஷவாயு என்று அப்போது தெரியவில்லை. அப்போது அக்காவின் கையிலிருந்து முறுக்கு அச்சு விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் எழப் பார்த்தேன், கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. கத்தப் பார்த்தேன், குரல் வரவில்லை. சாகப்போகிறேன் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. அவர்தான் தவழ்ந்து போய்க் கதவைத் திறந்தார். திரும்பி வந்து என் கையைப் பிடித்து மழைக்குள் இழுத்துப் போட்டார்.

"அலமாக், ஐயோ, தூங்காதடி சாந்தி! கண்ணத் தொற, என்கூடப் பேசு!" என்று கன்னத்தில் அறைந்தார். அவர் பல்லெல்லாம் அடித்துக்கொண்டிருந்தது. அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

அதன் பிறகு அக்கா வேறு ஆள். அடுப்பு முழுக்க ஆறாமல் கை வைக்க மாட்டார். தீக்கிண்ணத்தின் துளைகளைக் கம்பியால் குத்தி விடுவார், புகைக்குழாய்க்குள் பிரஷ் விட்டுக் கரியை இறக்குவார், ஈரத்தில் உப்பிய பெல்லட்டைத் தூக்கி எறிவார். சாம்பலை மூடி போட்ட பிஸ்கட் டின்னில் அள்ளி வெளியே சிமெண்டுத் தரையில் வைப்பார். கடைசியாக விசிறியைப் போட்டு, காற்றுத்துளையில் பேப்பர் துண்டைக் காட்டி, இழுக்கிறதா என்று பார்ப்பார். யாராவது கேலி செய்தால், "ஆமா லா, பயந்தான். அதுல என்ன வெக்கம்?" என்பார். அடுத்த ஆயுத பூஜைக்கு மாலை வாசல் கதவுக்குப் போயிற்று. சாமி கோபித்துக்கொள்ளாதா என்று கேட்டேன். "நாம உசுரோட இருந்து கும்பிட்டாதான் சாமிக்கும் நல்லது," என்றார்.

கருமக்கிரியைக்கு அக்கா செய்துவந்த முறுக்கை அவர் அடுப்பிலேயே சுட்டுப் படைக்க வேண்டும் என்று அண்ணன் ஆசைப்பட்டார். "பயமா இருந்தா வேணாம்மா, கேஸ்ல செஞ்சிரு. அடுப்ப யாருக்காச்சும் குடுத்துடறேன்," என்றார். பயம் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் அடுப்பைத் திறந்தேன். உள்ளே அக்கா கடைசியாக மூட்டிய தீயின் சாம்பல் அப்படியே இருந்தது. அவருடைய அஸ்தியை அதற்குள் கடலில் கரைத்துவிட்டோம்.

"எப்பவோ ஆறியிருக்கும். சும்மா குப்பையில கொட்டும்மா," என்றார் அண்ணன். எனக்கு மனம் வரவில்லை. டின்னில் அள்ளி, மூடி, வெளியே சிமெண்டுத் தரையில் வைத்தேன். துளைகளைக் குத்தினேன், குழாயைத் துடைத்தேன், ஜன்னல்களையெல்லாம் திறந்தேன். அவருடைய தைரியம் எனக்கு வராது. அந்த மழைநாளில் அவருக்கு வந்த பயத்தை நான் வைத்துக்கொள்கிறேன். அடுப்பையும்தான்.

தீ பிடித்ததும் அண்ணன் உடைந்து அழுதார். நான் அழவில்லை. காற்றுத்துளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.