மெர்சி அக்காவின் திரும்பி வந்த விண்ணப்பம்

மெர்சி அக்கா இறந்த செய்தி வந்தபோது அப்பா மாவு டப்பாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். காலை ஆறரை மணி. மாட்டுங்காவில் இரண்டு ஹோட்டல்களுக்கும் செம்பூரில் நான்கு கடைகளுக்கும் இட்லி மாவு போக வேண்டும். போனை நான்தான் எடுத்தேன். பேசியவர் காம்ளே காக்கா. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எதிர் நடைபாதையில், மெர்சி அக்காவுக்கு அடுத்த இடத்தில், மேசை போட்டு விண்ணப்பம் நிரப்பித் தருபவர். எப்போதும் உரக்கப் பேசும் அவர் அன்று மெதுவாக, இந்தியில், "அப்பாவிடம் கொடு மகளே" என்றார்.

அப்பா கேட்டுவிட்டுப் போனை என்னிடம் தந்தார். கையிலிருந்த டப்பாவைச் சாய்த்து வைத்துவிட்டதால் மாவு ஓரமாக வழிந்தது. அவர் துடைக்கவில்லை. வண்டியின் எண் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். தமிழ்நாட்டு எண்ணோடு வந்த அந்த வண்டியில் இன்று மகாராஷ்டிர எண் இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் மெர்சி அக்கா.

முப்பதாம் நாள் ஜெபத்தில் எல்லோருக்கும் கொடுக்கும் சிறு புத்தகத்துக்கு ஏதாவது எழுதித் தரும்படி அக்காவின் தங்கை என்னிடம் கேட்டார். "நம்ம கூட்டத்துல தமிழ் ஒழுங்கா எழுதுதவ நீ ஒருத்திதான்" என்றார். என் பெயர் இசக்கி, பத்தாம் வகுப்பு படிக்கிறேன். அக்காவை இரண்டு வருடங்கள்தான் அறிவேன். இதைப் படிக்கும் உங்களில் பலர் இருபது வருடங்களாக அறிந்தவர்கள். ஆனாலும் உங்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதற்காகவே எழுத ஒப்புக்கொண்டேன்.

அக்காவை முதலில் பார்த்தது அப்பாவின் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போன அன்று. ஸ்கூட்டரை நிறுத்தி அதன் சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். ஹேண்டிலில் ஒரு குடை கட்டியிருந்தது. மடியில் அட்டை, காதில் பேனா. எதிரில் தென்காசிப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் ஒரு கடிதத்தோடு நின்றார். அக்கா அதை நேராகவும் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

"என்னண்ணே இது, ஜிலேபி சுத்தி வச்ச மாதிரி இருக்கு. இந்தியில எழுதித் தரக்கூடாதா?"

"தமிழ்ல பேசுதிய, படிக்கத் தெரியாதா?" என்றார் டிரைவர்.

"நான் மான்குர்த்ல பொறந்து இந்தி ஸ்கூல்ல படிச்சவ. சர்ச்லகூட பக்கத்துல நிக்கவ வாயப் பாத்துத்தான் பாட்டுப் பாடுதேன்."

நான் சிரித்துவிட்டேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் கையில் நூலகத்திலிருந்து எடுத்த தமிழ்ப் புத்தகம் இருந்தது. "ஏட்டி, சிரிக்கத் தெரியுதுல்லா, வந்து படி" என்றார். படித்தேன். முடித்ததும் நான் "ஆன்ட்டி" என்று ஏதோ கேட்கத் தொடங்க, "ஆன்ட்டின்னு கூப்பிட்டா உங்கப்பா ஃபார்மைக் கிழிச்சிருவேன்" என்றார். அன்றிலிருந்து அக்கா.

அதன்பின் சனிக்கிழமைகளில் பள்ளி விட்டதும் அங்கே போவேன். தமிழ்நாட்டிலிருந்து வண்டி கொண்டுவந்தவர்களின் காகிதங்களை வாசித்துச் சொல்வேன். ஒர்க்‌ஷாப் ரசீதுகளின் கையெழுத்தை எந்த மொபைலாலும் படிக்க முடியாது. கிரீஸ் கையோடு எழுதியவை அவை. அக்கா வடா பாவ் வாங்கித் தருவார். நான் வாசிக்கும்போது கண்ணை மூடிக் கேட்பார். வாசித்து முடித்ததும் மறுபடி கேட்க மாட்டார். அப்படியே எழுதிவிடுவார். நடைபாதையில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. "நான் குடுத்த காகஸ் அந்த வாசலுக்குள்ள போனா போனதுதான். திரும்பி வந்ததே இல்ல." காம்ளே காக்காவின் விண்ணப்பம் ஏதாவது திரும்பி வரும் நாளில் இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்வார்.

ஒருமுறை, ஒரு மாநிலத்து வண்டியை இன்னொரு மாநிலத்தில் பதிய ஏன் இவ்வளவு காகிதம் என்று கேட்டேன். "வண்டி மருமக மாதிரிட்டி. பொறந்த வீட்டுல உள்ள வம்பு லஃப்டா எல்லாத்தையும் அங்கயே முடிச்சிட்டுத்தான் இங்க வரணும். இன்ஜின் மாத்திருந்தா அந்த நம்பர அங்க எழுதிருக்கணும். அங்க விட்டுக்குடுத்தத எல்லாம் இந்த மாமியா விட்டுக்குடுப்பாளான்னும் பாக்கணும்." இதைச் சொல்லிக்கொண்டே ஒரு டெம்போவுக்கு அடியில் படுத்தார். வண்டிச் சட்டத்தில் பொறித்திருந்த சேசிஸ் எண்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார். எண்கள் வெள்ளையாக எழுந்து வந்தன. அந்தத் தாளை ஒட்டினால்தான் விண்ணப்பம் செல்லும். வேறு ஏஜென்ட்டுகள் இதற்குக் கிளீனர்களை அனுப்புவார்கள். அக்கா மட்டும் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு தானே படுப்பார்.

பிறகு எங்கள் வண்டியே வந்தது. வள்ளியூரில் இருக்கும் பெரியப்பா தன் சிறிய டீசல் வேனை அப்பாவுக்குக் கொடுத்தார். அதுவரை அப்பா மாவை சைக்கிளில் கொண்டு போனார். சயான் பாலம் ஏறும்போது இறங்கித் தள்ளுவார். முழங்கால் வீங்கிப்போயிருந்தது. டாக்டர் சைக்கிளைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார். வேன் இங்கே பதிவானால்தான் சரக்கு ஏற்றப் பெர்மிட் கிடைக்கும். இல்லையென்றால் தொழிலே நின்றுவிடும் என்ற நிலை.

அந்த வேனில் இன்ஜின் மாற்றியிருந்தார்கள். பழையது பழுதாகி, பெரியப்பா திருநெல்வேலியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேறு இன்ஜின் போட்டிருந்தார். அந்த எண் ஆர்.சி. புத்தகத்திலும் ஏறியிருந்தது. சிக்கல் புகையில் இருந்தது. இன்ஜின் எவ்வளவு புகை விடலாம் என்பதற்கு அரசு படிப்படியாக விதிகள் வைத்திருக்கிறது. சில வருடங்கள் சென்னை, மும்பை போன்ற பெரிய நகரங்களில் நான்காம் படியும் மற்ற ஊர்களில் மூன்றாம் படியும் நடப்பில் இருந்தன. எங்கள் வேன் முதலில் சென்னையில் விற்ற நான்காம் படி வண்டி. அதில் மாற்றிய இன்ஜின் எந்தப் படி என்பதுதான் கேள்வி. பெரியப்பாவின் ஊரில் இரண்டும் ஓடின. மும்பை விதி, வண்டியின் படிக்குக் கீழான இன்ஜினை ஏற்காது.

அக்கா ரசீதை என்னிடம் நீட்டினார். இன்ஜின் எண், தேதி, போல்ட், பெல்ட் எல்லாம் வாசித்தேன். கடைசி வரி சிறியதாக, சாய்வாக எழுதியிருந்தது: "லோக்கல் வண்டியில் கழற்றிய மூன்றாம் படி இன்ஜின்." நான் அதை வாசிக்கவில்லை.

"எந்த வண்டியில இருந்து எடுத்தான்னு எழுதிருக்கா இசக்கி?"

"இல்லக்கா."

"என்ன படின்னு?"

"அதுவும் இல்ல."

அக்கா கண்ணைத் திறந்து, காதிலிருந்து பேனாவை எடுத்து, வண்டியின் படியையே இன்ஜினுக்கும் எழுதினார். அச்செழுத்தையே கூட்டிப் படிக்கும் அப்பா கொஞ்சம் தள்ளி ஒரு கல்லின்மேல் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நினைத்தேன். தமிழ் படிக்கத் தெரிந்தவள் அந்தத் தெருவிலேயே நான் ஒருத்திதானே என்றும் நினைத்தேன். அந்த இரண்டாவது நினைப்பைத்தான் இப்போதும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆய்வாளருக்குத் தமிழ் தெரியவேண்டிய தேவையே இருக்கவில்லை. டார்ச் அடித்து இன்ஜின் எண்ணின் முதல் எழுத்துகளைப் பார்த்தார். அவற்றிலேயே இன்ஜின் வகை இருந்தது. விண்ணப்பத்தின் குறுக்கே சிவப்பு மையில் நிராகரிப்பு என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். "மெர்சி, நீயுமா? பொய் எழுத ஆரம்பித்துவிட்டாயா?" என்று இந்தியில் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்த ஒரு பார்வையில் அவருக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும்.

"என் தப்பு சார். ரசீதைச் சரியாகப் பார்க்காமல் எழுதிவிட்டேன்" என்றார் அக்கா, அதே இந்தியில்.

வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்பா வண்டியை ஓரம் கட்டப் போயிருந்தார். அக்கா ரசீதை மடியில் விரித்தார்.

"கடேசி வரியப் படி."

படித்தேன். மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

"இத வாசிக்க எம்புட்டு நேரம் ஆச்சு? ரெண்டு செகண்ட். அன்னைக்கு இத வாசிச்சிருந்தா நான் ஃபார்மே எழுதிருக்க மாட்டேன். உங்க பெரியப்பாவுக்கு போன் போட்டிருப்பேன்." கொஞ்ச நேரம் டீயைக் குடித்தார். "கெட்டத மொதல்ல சொல்லணும்ட்டி. நல்லது எங்க ஓடிப்போகப் போகுது?"

நான் அழுதேன். "அழுது முடிச்சிட்டு போன் நம்பரச் சொல்லு" என்றார்.

அன்றே பெரியப்பாவை அழைத்தார். வேன் லாரி ஏறித் திரும்பவும் வள்ளியூர் போயிற்று. அங்கே நான்காம் படி இன்ஜின் தேடிப் போட்டு, அந்த எண்ணை அங்கேயே ஆர்.சி.யில் ஏற்றி, புதிய தடையில்லாச் சான்று வாங்கி வர மூன்று மாதங்கள் ஆயின. அந்த மூன்று மாதமும் அப்பாவின் டப்பாக்களைத் தன் ஸ்கூட்டரில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று கட்டி மாட்டுங்கா வரை கொண்டுபோய் இறக்கிவிட்டு, அதன்பின்தான் அக்கா தன் வேலைக்குப் போனார். ஒருநாள் வேகத்தடையில் ஒரு டப்பா திறந்துகொண்டதாம். "இட்லி மாவுல குளிச்ச ஒரே ஏஜென்ட் நான்தான்" என்று எல்லோரிடமும் சொன்னார். ஏன் கொண்டுபோகிறேன் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம்கூட, என் கண்ணெதிரே, "ரசீதுல ஒரு வரி என் கண்ணுக்குத் தப்பிருச்சுண்ணே" என்றுதான் சொன்னார்.

அந்த வரி அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கவே முடியாது என்பதை அப்பா யோசிக்கவில்லை. நீங்களும் யோசிக்கவில்லை. நடைபாதையில் காம்ளே காக்கா அக்காவுக்கு 'ரிட்டர்ன் மெர்சி' என்று பெயர் வைத்தார். அலுவலக வாசலிலிருந்து அக்கா வெளியே வரும்போதெல்லாம், "க்யா மெர்சி, ரிட்டர்ன்?" என்று கத்துவார். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பார். செம்பூரில் டிராவல்ஸ் வைத்திருப்பவர் ஒருவர் தன் வண்டிகளின் காகிதங்களை வேறு ஏஜென்ட்டிடம் கொண்டு போனார். அன்று மட்டும் அக்கா சிரிக்கவில்லை. "திரும்பி வந்ததே இல்ல" என்று சொல்வதை நிறுத்திவிட்டார்.

விண்ணப்பம் திரும்பி வந்ததற்கு அடுத்த சனிக்கிழமை நான் போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. அக்கா நாங்கள் இருக்கும் தாராவிக்கே வந்துவிட்டார். எங்கள் சந்தில் ஸ்கூட்டர் நுழையாது. மெயின் ரோட்டில் நின்று ஹாரனை விடாமல் அடித்தார். ஓடிப்போனேன்.

"மூணு பேரு ஜிலேபியோட வந்து நிக்கான். நான் யாரு வாயப் பாத்து எழுத? ஏறு."

"அக்கா, இன்னமும் என்ன நம்புவியளா?"

"ஒரு தடவ பொய் சொல்லி மாட்டுனவ ரெண்டாவது தடவ சொல்லமாட்டா. மாட்டாதவளத்தான் நம்பக்கூடாது. ஏறுட்டி, வெயிலு."

என் பதினைந்து வயதுக்குள் எனக்குக் கிடைத்த மிகப்பெரிய மரியாதை அதுதான். அதற்குப் பிறகும் அக்கா கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். மறுபடி வாசிக்கச் சொன்னதில்லை.

கடைசி ஆறு மாதங்கள் சிறுநீரகம் கெட்டு, வாரம் இரண்டு நாள் சயான் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அந்த நாட்களிலும், இடது கையில் ஊசி இருந்தாலும், வலது கைக்கு வேலை வேண்டுமென்று ஃபார்ம்களைக் கொண்டுவரச் சொல்வார். நான் படுக்கையருகே நின்று ரசீதுகளை வாசிப்பேன். கேட்டுக்கொண்டே எழுதுவார். ஒருநாள் ஓர் ஆம்னி வேன்காரரின் ரசீதை எடுத்ததும், "இன்ஜின் தப்பான வகைக்கா, முதல்ல அதச் சொல்லிருதேன்" என்றேன். அக்கா பேனாவை மூடினார். "பாரு, இன்னைக்கு எனக்கு ஒரு ஃபார்ம் மிச்சம்" என்று சிரித்தார்.

அடக்கத்தன்று மான்குர்த் கல்லறையில் காம்ளே காக்கா அழுதுகொண்டே அந்தப் பழைய கதையைச் சொன்னார். மெர்சி வாழ்க்கையில் ஒரே ஒரு தப்புதான் செய்தாள், நான் அதைக் கேலி செய்வதை விடவே இல்லை என்றார். சிலர் அழுகையினூடே சிரித்தார்கள். நான் அவரைத் தனியே அழைத்து, அந்தத் தப்பு என்னுடையது என்று சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நான் அவளை எல்லோர் முன்னாலும் கேலி செய்தேன். நீ என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொல்கிறாய். எல்லோர் முன்னாலும் சொல்" என்றார்.

சொல்லிவிட்டேன். மெர்சி அக்காவின் கையிலிருந்து போன எந்த விண்ணப்பமும் அவருடைய பிழையால் திரும்பி வந்ததில்லை. சிவப்பு மை பட்ட அந்த ஒன்று என்னுடையது. எனக்காக அவர் இவ்வளவு நாள் தன் பெயரில் வைத்திருந்ததை இப்போது நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன். அவருடையது என்று என்னிடம் இருக்கப்போவது அதுதான்.

காம்ளே காக்காவுக்குத் தமிழ் தெரியாது. ஜெபம் முடிந்ததும் இதை அவருக்கு நானே இந்தியில் வாசித்துக் காட்டப் போகிறேன், ஒரு வரியும் விடாமல்.