கொடி ஏறிய பிறகு எடுக்கக்கூடாத படம்

கடைசி நாள் காலை பத்தரை மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தங்கை போன் செய்தாள். அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு மூன்று நாள் முன்பே விண்ணப்பித்தாயிற்று, நகல் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது என்றாள். விண்ணப்ப எண் என்ன என்று கேட்டேன். எண் வரவில்லை, நன்றி என்று மட்டும் வந்ததாம். அடுத்த வருஷம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். மாலை ஐந்து மணியோடு விண்ணப்பம் முடிகிறது. பதினொன்று பத்துக்கு ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன்.

அவள் பூர்த்தி செய்த பக்கத்தைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். முத்திரை, நிறம், எழுத்து எல்லாம் சரியாக இருந்தன. மேலே இருந்த முகவரி மட்டும் அரசாங்கத்துடையது அல்ல. பெயர், ஆதார் எண், கைப்பேசி எண், சான்றிதழ்கள் என்று அத்தனையையும் யாரோ ஒருவனுக்குக் கொடுத்திருந்தாள்.

தேர்வு வாரியத்தின் பெயரை நானே அடித்துத் தேடினேன். முதலில் பரிசு விழுந்திருப்பதாக ஒரு பக்கம் வந்தது. பின்னால் போய் மறுபடி அடித்தேன். அரைகுறை உடையில் ஒரு பெண் வந்தாள். மூன்றாவது முறை அதே போலிப் பக்கம்.

"அது எப்பவும் அப்படித்தான்க்கா. ரெண்டு மூணு தடவை அடிச்சா வந்துரும்" என்றாள்.

ஆறு மாதமாக அப்படித்தானாம். ஆபாசப் பக்கம் வந்தால் அவள் கணவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்னால் போகும் பொத்தானை அழுத்துவாராம். இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணத்தைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. பிரவுசரைத் திறந்தாலே ஆண்டாள் படம். ஒவ்வொரு நாளும் வேறு அலங்காரம், கீழே பாசுரத்தில் ஒரு வரி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த இணைப்பிலிருந்து தங்கை கணவர் இறக்கிய, பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் அது. தினமும் குளித்துவிட்டு வந்து கம்ப்யூட்டரைப் போட்டுக் கும்பிட்ட பிறகுதான் அவருக்குக் காபி. திரைக்கு மேல் ஒரு துளசிக் கொத்து இருந்தது. என் கைப்பேசியில் அந்தக் குழுவைத் திறந்து பார்த்தேன். இணைப்புக்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். அதில் ஒன்று என்னுடையது. பத்திரிகையில் இருபது வருஷம் பிறர் எழுதியதைச் சரிபார்த்தவள், இணைப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் கும்பிட்டிருக்கிறேன்.

அதை நீக்கப் போனபோது தங்கை கணவர் குறுக்கே வந்தார். ஆடிப்பூரத் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்துக்கு அடியில் சறுக்குக்கட்டை போடும் குடும்பம் அவருடையது. கொடி ஏறிவிட்டால் திருவிழா முடியும் வரை அந்த வீட்டில் யாரும் வெளியூரில் தங்க மாட்டார்கள்.

"கொடி ஏறிட்டு மதினி. இப்பப் போயி நாச்சியாரை எடுக்கப்படாது. பூரம் முடியட்டும், பொறவு எடுப்போம்."

மணி ஒன்றே கால். பூரத்துக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. வேலை ஐந்து மணிக்குப் போய்விடும் என்றேன். வேறு எங்காவது போய் விண்ணப்பிக்கலாமே என்றார். சான்றிதழ் நகல்கள், கடவுச்சொற்கள் எல்லாம் இந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தன. கடைசி நாள் என்பதால் பக்கத்து இணைய மையத்தில் கூட்டம் தெரு வரை நின்றதை வரும்போதே பார்த்திருந்தேன். நான் குரலை உயர்த்திவிட்டேன். அவர் உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

தங்கை என் கையிலிருந்து மவுஸை வாங்கிக்கொண்டாள். கணவரைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"கொடி ஏறினா ஊர்க்காரங்கதானே ஊரை விட்டுப் போகப்படாது. இந்தப் படத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கவன் எந்த ஊர்க்காரன்னு சொல்லுங்க, விட்டுருதேன்."

அவர் வாசலுக்குப் போனார். அவள் நீக்கினாள்.

பிரவுசரை மூடித் திறந்ததும் ஆண்டாள் மறுபடி வந்து நின்றாள். எக்ஸ்டென்ஷனோடு சேர்ந்து ஒரு புரோகிராமும் கம்ப்யூட்டரில் ஏறியிருந்தது. நீக்க நீக்க அது படத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தது. முதலில் அதை எடுத்தோம், பிறகு எக்ஸ்டென்ஷனை. தேடுபொறியை மாற்றினோம். அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்றிருந்த பன்னிரண்டு தளங்களை ஒவ்வொன்றாக வெட்டினோம். வைரஸ் சோதனை ஓடி முடிந்தபோது மணி மூன்று. பிரவுசரைத் திறந்தால் படமில்லாத வெறும் வெள்ளைப் பக்கம். வாரியத்தின் முகவரியைச் செய்தித்தாளில் வந்த வேலை விளம்பரத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாக நானே அடித்தேன். தளம் இரண்டு முறை பாதியில் நின்றது. நாலு நாற்பத்தேழுக்கு விண்ணப்ப எண் வந்தது. தங்கை அதைக் காலண்டர் ஓரத்தில் எழுதினாள். எண்கள் கோணலாக விழுந்தன.

கடவுச்சொற்களை என் போனில் மாற்றிக்கொண்டிருந்தபோது அவள் போனுக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. பேசியவன் அவள் படிப்பு, பிறந்த தேதி எல்லாம் சொல்லி வாழ்த்தினான். இப்போது ஒரு எண் வரும், அதைச் சொன்னால் வேலை உறுதி என்றான். வைத்துவிட்டாள். மறுபடி அடித்தது. கம்ப்யூட்டரைச் சரிசெய்துவிடலாம். கொடுத்த ஆதார் எண்ணைத் திரும்ப வாங்க எந்தப் பொத்தானும் இல்லை. எந்த ஊரில் எந்தப் படத்தை வைத்தால் கதவு தானே திறக்கும் என்று எவனோ உட்கார்ந்து படித்திருக்கிறான். அந்தப் பாடத்தில் நாங்கள் எல்லோரும் இருந்திருக்கிறோம்.

மூன்றாவது முறை அடித்தபோது வாசலில் இருந்தவர் உள்ளே வந்து போனை வாங்கினார். அந்தப் பக்கம் பேசியதைக் கேட்டார்.

"ஏலே, நாச்சியாரை வச்சா பிழைக்குத?" என்றார். சத்தம் போடவில்லை. அந்த எண்ணைத் தடுக்கத் தெரியாமல் போனை என்னிடம் நீட்டினார். நான் தடுத்துக் கொடுத்ததும், திரைக்கு மேலிருந்த துளசியை எடுத்துக்கொண்டு பூஜை அலமாரிப் பக்கம் போனார்.