சோளம் எடுத்த குளிர்காலம்

இத்தாலியின் பலேர்மோவில் நான் வேலை செய்த வீட்டு அம்மணிக்கு, சினியோராவுக்கு, கண்ணில் சத்திரசிகிச்சை நடந்தது ஒரு மே மாதத்தில். வலது கண்ணின் பின்புறத்தில் சின்னதாக ஓர் ஓட்டை விழுந்திருந்தது. அதை மூடுவதற்குக் கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை விட்டார்கள். குமிழி மேலெழும்பி அந்த ஓட்டையை அழுத்திக்கொண்டிருக்க வேண்டுமாம். அதனால் பன்னிரண்டு நாட்கள் முகத்தைக் கவிழ்த்தே இருக்கச் சொன்னார்கள். சாப்பிடும்போதும் நடக்கும்போதும் தரையைத்தான் பார்க்க வேண்டும். இடது கண் சிறுவயதிலிருந்தே பலவீனம். வாசிக்கவே கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

நான் அவர் வீட்டில் ஆறு வருடங்களாகக் கிழமைக்கு இரண்டு நாள் துப்புரவு வேலை செய்துவந்தேன். துறைமுகத்துக்குக் கிட்ட போர்கோ வெக்கியோப் பகுதியில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் நாலாம் மாடி. சினியோரா அமெரிக்காவில் பிறந்தவர். இளவயதில் ஒரு பலேர்மோக்காரரைக் கட்டிக்கொண்டு வந்தவர். பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படிப்பித்தார். கணவர் இறந்த பிறகும் இங்கேயே இருந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் பின்னேரங்களில் வர முடியுமா என்று கேட்டார். நானும் ஒத்துக்கொண்டேன்.

அந்த அறையை இப்போதும் நான் கனவில் காண்பதுண்டு. சிறொக்கோக் காற்று வீசிய நாட்கள் அவை. ஆபிரிக்காவின் மண்ணை அள்ளிவரும் அந்தக் காற்றில் வானம் மஞ்சளாகிவிடும். துறைமுகத்தில் நிற்கும் நேப்பிள்ஸ் கப்பலின் புகைபோக்கி மட்டும் கூரைகளுக்கு மேலே தனியாக மிதப்பதுபோல் தெரியும். மர யன்னல்களைச் சாத்தினால் வெளிச்சம் கோடு கோடாகத் தரையில் விழும். சினியோரா நடுவில் ஓட்டையுள்ள தலையணையில் நெற்றியை வைத்து மேசையில் கவிழ்ந்திருப்பார். என் முகத்தைப் பார்ப்பதற்காகத் தரையில் ஒரு சின்னக் கண்ணாடி. அதற்குள்தான் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கதைத்தோம். எல்லாம் தண்ணீருக்கு அடியில் ஆடுவதுபோல் இருக்கிறது, நீங்களும் ஆடுகிறீர்கள் என்பார்.

இரண்டாம் நாள், ஆங்கிலம் வாசிப்பீர்களா என்று கேட்டார். ஆறு வருடமும் நாங்கள் இத்தாலியனில்தான் கதைத்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் எனக்கு நன்றாக வந்த பாடம் அது ஒன்றுதான் என்று சொன்னேன். அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு தாள்கட்டை எடுக்கச் சொன்னார். அவருடைய தகப்பனார் தட்டெழுத்தில் அடித்து, நூலால் தைத்து வைத்த குடும்பப் புத்தகம். கூடவே, அதற்கும் முன்பு உறவினர் யாரோ அச்சடித்த பழைய கடிதங்களின் போட்டோகொப்பி. தகப்பனாரின் புத்தகம் அவருக்கு மனப்பாடம். இருந்தாலும் யாராவது வாசிக்கக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது என்றார்.

குடும்பத்தில் முதலில் அமெரிக்காவுக்குப் போன மூதாதையை ‘முதல் ஆள்’ என்றுதான் சினியோரா சொல்வார். ஏறக்குறைய நானூறு வருடங்களுக்கு முன்பு இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில் வாழ்ந்த ஒரு நெசவாளி. கோயிலில் சிலை கூடாது, மெழுகுதிரி கூடாது, பட்டாடை கூடாது, வேதப்புத்தகத்தின் சொல் மட்டும் போதும் என்று நம்பிய கூட்டத்தைச் சேர்ந்தவர். ஊரில் அப்படி வாழ விடவில்லை. மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். பத்துக் கிழமை கடல். கடைசிப் பிள்ளை வழியிலேயே இறந்தது. குளிர் தொடங்கிய நேரத்தில் அமெரிக்கக் கரையில் இறங்கினார்கள். கப்பலில் கழற்றிக் கொண்டுபோன தறியை அந்த முதல் குளிரிலேயே விறகாக்கினார்கள்.

நான் வாசிக்கும்போது கீழே தெருவில் ரொட்டி விற்கும் முச்சக்கர வண்டியின் ஒலிபெருக்கி கத்திக்கொண்டு போகும். கட்டடத்து மூலையில் மாதாவின் சின்னக் கூடு ஒன்று உண்டு. பகலிலும் அதற்குள் மின்விளக்கு எரியும். முதல் ஆள் இந்தத் தெருவால் ஒருநாளும் நடந்திருக்கமாட்டார் என்றேன். கவிழ்ந்தபடியே சினியோரா சிரித்தார். வருடத்துக்கு ஒருமுறை நேர்த்தி வைத்து, மலையிலுள்ள புனிதையின் குகைக்கு நான் செருப்பில்லாமல் ஏறுகிறவள், சைவக்காரியாக இருந்தும். என்னையும் முதல் ஆள் கண்ணெடுத்துப் பார்த்திருக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் அவருடைய குடும்பம் மெல்ல மெல்ல எனக்குள் வந்து குடியிருந்தது. குளிர் முடியும் நேரம் மனைவி ஒரு பிள்ளையைப் பெற்றுப்போட்டு இறந்தாள். நாலு மாதத்தில் அவர் மூன்று பிள்ளைகளோடு இருந்த ஒரு விதவையைக் கட்டினார். ஒரே அறை, எட்டுப் பிள்ளைகள். பிறகு இன்னும் இரண்டு. பொறுமை என்று பொருள்படும் பெயருள்ள ஒரு மகள், ஆராதனையில் சிரித்ததற்காகச் சபைக்கு முன்னால் எழும்பி நின்று மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். எதற்காகச் சிரித்தாள் என்று எழுதவில்லை. பல்லரோச் சந்தைப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டுக்குப் போய், சமைத்துக்கொண்டே இதை என் மகளிடம் சொன்னேன். அவளுக்குப் பதினைந்து வயது. “பொவெரீனா, சிரிச்சதுக்கோ?” என்று கேட்டாள். பாவம் என்பதற்கு அவளுக்கு முதலில் வருவது இத்தாலியன் சொல்தான்.

ஆறாம் நாள், தகப்பனாரின் புத்தகத்தில் ஒரு பக்கம் ஈரம் பட்டு எழுத்துகள் மங்கியிருந்தன. முதல் ஆள் ஊரிலிருந்த தம்பிக்கு எழுதிய கடிதம் அது. ஒன்றும் விளங்காததால் போட்டோகொப்பியில் அதே கடிதத்தைத் தேடிப்பிடித்து வாசித்தேன். ஆற்றோரம் இந்நாட்டுப் பூர்வகுடிகளின் ஆளில்லாத ஓர் ஊரைக் கண்டோம், மணல் மேடுகளைக் கிளறினோம், உள்ளே கூடை கூடையாகச் சோளம் இருந்தது, நாலு கூடை எடுத்துக்கொண்டோம், ஒரு குடிசையில் அடுப்புச் சாம்பல் இன்னும் சூடாக இருந்தது, எங்களைப் பசியில் விடாத கர்த்தருக்கு நன்றி சொன்னோம்.

“அது அதிலே இல்லை,” என்றார் சினியோரா.

இருக்கிறது என்றேன். திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு மங்கிய பக்கத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னார். ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தேன். ஆளில்லாத ஊரைக் கண்டோம் என்று இருந்தது. அதை அடுத்தே கர்த்தருக்கு நன்றி. சோளமும் கூடையும் சாம்பலும் அங்கே இல்லை. மூன்று வரிகளைத் தகப்பனார் அடிக்காமல் விட்டிருந்தார்.

கண்ணாடியில் அவர் முகம் அசையாமல் இருந்தது. எனக்கு வேறொரு வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

எனக்குப் பதின்மூன்று வயதில், சண்டை நெருங்கியதால் யாழ்ப்பாணத்துச் சனம் எல்லாம் ஒரே நாளில் வெளிக்கிட்டது. மழைக்குள் நடந்து, பிறகு படகில் கடல்நீரேரியைக் கடந்து, வன்னிப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். அங்கே காட்டோரம் திறந்து கிடந்த ஒரு வீட்டில் ஏறினோம். வீட்டுக்காரர் எங்களுக்கு முன்பே வேறெங்கோ ஓடியிருந்தார்கள். அறைக்குள் நெல் மூட்டைகள் இருந்தன. அதைத்தான் நாலு மாதம் குத்திச் சாப்பிட்டோம். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை, என் கணவருக்குக்கூட. ஒளிக்க வேண்டும் என்றில்லை. அதை ஒரு கதையாகவே நான் நினைத்ததில்லை.

சினியோராவுக்குச் சொன்னேன். அவர் முகம் தரையைப் பார்த்திருந்ததால் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். உங்கள் அம்மா என்ன சொன்னார் என்று கேட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, நெல்லைக் குத்தினா என்றேன்.

பிறகு, மேசை லாச்சியில் பேனை இருக்கிறது, அந்த மூன்று வரிகளையும் அப்பாவின் பக்கத்து ஓரத்தில் எழுதுங்கள் என்றார். கண் சுகமானதும் நீங்களே எழுதலாமே என்றேன்.

“அதற்குள் எனக்கு மனம் மாறிவிடும்,” என்றார்.

நீல மையால், பள்ளிக்கூடத்தில் எழுதியதுபோல் உருட்டி உருட்டி எழுதினேன். ஒவ்வொரு சொல்லையும் போட்டோகொப்பியோடு ஒத்துப் பார்த்தேன். அடுத்தவருடைய தகப்பனாரின் புத்தகம் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் ஊரிலிருக்கும் அம்மாவுக்கு வட்ஸ்அப்பில் எடுத்தேன். வேறு எல்லாம் கதைத்துவிட்டு, வன்னியில் நாங்கள் இருந்த வீட்டு நெல் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். திரையில் அம்மா எங்கோ பார்த்தா. பின்னால் காகம் கத்தியது.

“ரெண்டு மூட்டை,” என்றா. “கொடியிலை அந்த வீட்டுப் பொம்பிளையின்ரை பச்சைச் சீலை ஒண்டும் கிடந்தது. அதையும் நான்தான் உடுத்தனான்.”

அந்தப் பச்சைச் சீலை எனக்குத் தெரியும். அதைக் கட்டிக்கொண்டு அம்மா என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்திருக்கிறா. எங்களுடையது என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் முதல் ஆளின் மரணசாசனத்தை வாசித்து முடித்தேன். இரண்டாவது மனைவிக்கு வீட்டின் கிழக்குப் பக்கத்தையும், கிணற்றுக்குப் போய்வரும் வழியையும், குளிர்காலத்தில் அடுப்பருகே ஓர் இடத்தையும் எழுதிவைத்திருந்தார். அடுத்த நாள் சினியோரா தலையை நிமிர்த்தினார். கழுத்து நிமிர மறுத்தது, நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். தரைக் கண்ணாடி இல்லாமல் நேரே என் முகத்தைப் பார்த்தார். உங்களுக்கு இவ்வளவு நரைத்துவிட்டதா என்று கேட்டார்.

கண் முக்கால்வாசி சுகமானது. நேர்கோடுகள் நடுவில் இன்னும் கொஞ்சம் வளைந்து தெரிகின்றன என்கிறார். நான் எழுதிய பக்கத்தைப் படமெடுத்து அமெரிக்காவிலுள்ள தன் தம்பிக்கும் அவர் பிள்ளைகளுக்கும் அனுப்பினார். அப்பாவின் புத்தகத்தில் வெளியாள் எழுத்து எப்படி வந்தது என்று தம்பி போனில் சத்தம் போட்டாராம். அரைவருடம் இருவரும் கதைக்கவில்லை. பிறகு ஒரு கலியாணத்தை ஒட்டிக் கதைத்தார்கள், இதைத் தொடாமல். நான் எழுதியதற்காகச் சினியோராவிடம் வருத்தம் தெரிவித்தேன். எழுதச் சொன்னது நான் என்றார், அவ்வளவுதான்.

அடுத்த தை மாதம் அம்மா, என்னிடம்கூடச் சொல்லாமல், பஸ் ஏறி வன்னிக்குப் போயிருக்கிறா. எழுபது தாண்டிய மனுசி, தனியாக. புதுச் சீலை ஒன்றும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறா. அந்த வீட்டுக்குக் கிட்டவுள்ள சந்தியில் விசாரித்தால் யாருக்கும் அந்த வீட்டுக்காரரைத் தெரியவில்லை. உயிரோடு இருக்கிறார்களா, எந்த நாட்டில் இருக்கிறார்கள், ஒன்றும் தெரியவில்லை.

“அந்த வீட்டு வளவிலை இப்ப பாலர் பள்ளிக்கூடம். நான் கொஞ்ச நேரம் நிண்டு பாத்திட்டு, சீலையை அங்கை படிப்பிக்கிற பிள்ளையிட்டைக் குடுத்திட்டு வந்திட்டன்,” என்று திரும்பி வந்த பிறகு போனில் சொன்னா.

திங்கட்கிழமை இதைச் சினியோராவிடம் சொன்னேன். பல்கனியில் நின்று உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். ஜெனோவாவுக்குப் போகும் கப்பல் மூட்டத்துக்குள் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த ஆசிரியை அதை வாங்கிக்கொண்டாளா என்று கேட்டார். ஓம், வாங்கிக்கொண்டாள், யாருக்கு வாங்கியது என்று கேட்கவேயில்லையாம் என்றேன்.