மூக்கு இருக்கட்டும், ஆள் ஏன் சிறிசு?

போன வாரம் நண்பர் அருள்தாஸ் வீட்டுக்குக் காலை டிபனுக்குப் போயிருந்தேன். இட்லி இருந்தது, சட்னி இருந்தது. பேச்சைத்தான் காணோம்.

அருள்தாஸ் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியர். கை சும்மா இருக்காது. கோட்டுச்சேரி சாலையில் ஒரு பள்ளம்... அதில் மழைத்தண்ணீர்... எதிரெதிர்க் கட்சிப் பிரமுகர்கள் இருவர் அதில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பதாக ஒரு கார்ட்டூன் வரைந்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். மறுநாளே அந்த இருவரில் ஒருவரின் ஆளிடமிருந்து போன்.

"சார், அண்ணன் உங்கள நேர்ல பாக்கணும்னாங்க. சாயங்காலம் வந்துடுங்க."

பிரமுகர் யாரா? சொல்ல மாட்டேன். எனக்கும் இந்த ஊரில்தான் ரேஷன் கார்டு.

பிரமுகர் கோபித்தால் அரசு வாத்தியாருக்கு டிரான்ஸ்ஃபர்தான். மற்ற ஊர்களில் டிரான்ஸ்ஃபர் என்றால் பக்கத்து மாவட்டம். புதுச்சேரி அரசில் இருக்கும் காரைக்கால்காரனுக்கு? ஒன்று கேரளத்துப் பக்கம் மாஹே, இல்லாவிட்டால் ஆந்திரப் பக்கம் ஏனாம்!

"மலையாளமா தெலுங்கான்னு இப்பவே சொல்லிடுங்க. பிள்ளைக்கு டியூஷன் பாக்கணும்" என்றார் அருள்தாஸின் மனைவி பிலோமினா. குரலில் கிண்டல் இருந்தது. கண் கலங்கியிருந்தது.

சாயங்காலம் துணைக்கு நானும் போனேன்.

பிரமுகர் டீ கொடுத்தார். செல்போனில் அந்தப் படத்தை விரலால் விரித்து விரித்துப் பார்த்தார்.

"மூக்கை இவ்வளவு பெரிசா போட்டிருக்கீங்க. சரி, போகட்டும். ஆனா, அவரை மட்டும் ஏன் சார் என்னைவிடப் பெரிசா போட்டீங்க?"

அருள்தாஸ் படத்தைத் தொட்டுக் காட்டினார். "அவரு இந்தக் கரைங்க. நீங்க அந்தக் கரை. தூரத்துல இருந்தா சின்னதாத்தான் தெரியும்..."

"அவரை யாரு முன்னாடி உக்கார வச்சது?"

ஃபிளெக்ஸ் பேனரிலேயே வளர்ந்த ஊர் அல்லவா? யார் தலை எத்தனை அடி என்பதில்தானே இங்கே அரசியலே இருக்கிறது! கேலிப் படமானால் என்ன, அளவு குறையலாமா?

"இடத்தை மாத்திப் போட்டுடறேன்" என்றார் அருள்தாஸ். போன உயிர் திரும்பியதும் வாத்தியார் புத்தியும் திரும்பிவிட்டது. "ஆனா உங்களைப் பெரிசாக்குனா, முன்னாடி இருக்கிற பள்ளமும் பெரிசாயிடுமே... பரவாயில்லீங்களா?"

"அது எப்படி இருந்தா என்ன சார்?"

புதுப் படத்தைப் பிரமுகர் தன் ஸ்டேட்டஸிலேயே வைத்துக்கொண்டார். பிலோமினா அன்று இரவு எங்களுக்கு வஞ்சிரம் வறுத்துப் போட்டார். நானும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, அதே பள்ளத்தில் பைக்கை இறக்கி ஏற்றித்தான் வீடு வந்து சேர்ந்தேன்.

ஆக, அருள்தாஸுக்கு டிரான்ஸ்ஃபர் இல்லை. பள்ளத்துக்கும் இல்லை!