எரிந்த கரும்பை வெட்டாத காலை

1987 மே 14, வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு ஃபிஜித் தலைநகர் சுவாவில் ராணுவத்தார் துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து ஆட்சியைப் பிடித்தார்கள். இந்தியக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் ஃபிஜிக்கு வந்ததும் ஒரு மே 14தான், 1879இல். அதில் எங்கள் தமிழ் ஆட்கள் இல்லை. மதராஸிலிருந்து கப்பல் வரத் தொடங்கியது 1903இல். இருந்தாலும் அந்தத் தேதி எங்களுக்கும் சேர்த்துத்தான்.

அப்போது நான் லவுத்தோக்கா துறைமுகத்தில் சரக்கு சரிபார்க்கும் குமாஸ்தா. கொஞ்ச நாளில் இதை எதிர்த்து ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளர்கள் ஃபிஜிச் சரக்கைத் தொடமாட்டோம் என்றார்கள். துறைமுகம் ஓய்ந்தது. அரவைப் பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது. தேர்ந்தெடுத்த அரசாங்கம் திரும்ப வரும்வரை கரும்பு வெட்டக் கத்தியை எடுப்பதில்லை என்று சபேட்டோ பக்கத்துக் கரும்புக்காரர்கள் பலர் முடிவு செய்திருந்தார்கள். என் அக்காளும் அவள் கணவரான மாமாவும் அவர்களில் அடக்கம்.

மாமா விவசாயிகள் கூட்டத்தில் எழுந்து பேசியவர். அது போதுமாக இருந்தது. சாலைத் தடுப்பில் பஸ்ஸை நிறுத்தி அவரை இறக்கிக்கொண்டு போனார்கள். கொண்டு போனவர்கள் சிப்பாய்கள் இல்லை. கறுப்புச் சட்டை போட்ட ஃபிஜிய இளைஞர்கள். சீருடை இல்லாதவர்களுக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஆனால் அந்த இளைஞர்கள் வந்தது சர்க்கார் லாரியில். லாரியைக் கொடுத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை; கேட்கும் நிலையில் யாரும் இல்லை.

மாமா திரும்பி வந்தபோது உள்ளங்கால் இரண்டும் வீங்கிக் கறுத்திருந்தன. குழாயால் அடித்திருக்கிறார்கள். அக்கா உப்புத்தண்ணீர்ப் பேசினில் அவர் காலை வைத்துத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். அவர் சொன்னார்:

"மாரியம்மன் கோயில்ல தீ மிதிச்ச காலு இது. இவனுங்க குழாய்க்கு ஆடிப் போயிடுமா?"

"ஆடல. அதான் மூணு பேர் தூக்கிட்டு வந்தாங்க," என்றாள் அக்கா.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக் கொட்டகையில் வெட்டு கேங் கூடியது. எங்கள் பக்கம் ஒருவன் கரும்பை அவன் மட்டும் வெட்டுவதில்லை. பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் ஒரு கேங்காகச் சேர்ந்து, சீட்டுப் போட்டு வரிசை வைத்து, ஒவ்வொரு நிலமாக வெட்டுவார்கள். கேங் தலைவருக்கு சர்தார் என்று பெயர். ஆற்றுக்கு அப்பால் இருக்கும் ஃபிஜியர் கிராமத்துக்காரர் ஒருவரும் எங்கள் கேங்கில் உண்டு. அவரை எல்லோரும் தவாலே என்று கூப்பிடுவோம். அவர்கள் பேச்சில் மச்சான் என்று அர்த்தம். அவர்தான் அன்று யாங்கோனா என்ற வேர்ப்பானத்தைக் கரைத்தார். சிரட்டைக் கிண்ணம் சுற்றி வந்தது, வழக்கப்படி கை தட்டினோம், குடித்தோம், சண்டை போட்டோம்.

"சிட்னிக்காரன் கப்பலத் தொடமாட்டேங்கறான். சரி. அவனுக்கு வாரக் கூலி வந்துடும். நமக்கு?" என்றார் சர்தார்.

"கப்பல் நின்னாத்தான் இவங்களுக்கு வலிக்கும்," என்றேன் நான். இரண்டு பத்திரிகை படித்துவிட்டுப் போயிருந்தேன்.

"வலி யாருக்குன்னு உன் மாமா காலக் கேளு."

மாமா சுவரில் சாய்ந்தபடி சொன்னார்: "கப்பல நிறுத்தினா போதாது. படை வரணும். நியூசிலாந்து பக்கத்துலதானே இருக்கு. நாலு கப்பல் வந்து நின்னா ஓடிடுவானுங்க."

"வந்தவன் போவானா? போன தடவ வந்த வெள்ளக்காரன் தொண்ணூத்தாறு வருசம் இருந்தான்."

சர்தார் கணக்கு சரி. 1874இலிருந்து 1970 வரை.

தவாலே கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே, எங்கள் எல்லோரையும் போல இந்தியில்தான் சொன்னார்: "வெளிநாட்டுச் சிப்பாய் வந்தா முதல்ல என் வீட்டுக் கதவத்தான் தட்டுவான். என் மூஞ்சிக்கும் அந்தக் கறுப்புச் சட்டைக்காரன் மூஞ்சிக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியுமா?"

 சமையல் பக்கத்திலிருந்து அக்காள் குரல் வந்தது. "வர்றவன் வரட்டும், வராதவன் போகட்டும். அவன் வர்ற வரைக்கும் நாம கத்திய எடுக்கறோமா இல்லியா? அதப் பேசுங்க."

எடுப்பதில்லை என்று முடிந்தது, சம்மதத்துக்கு எல்லோரும் கை தட்டினோம். சர்தார் மனசில்லாமல்தான் கை தட்டினார். ஆனால் தட்டினார்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் அக்காள் வயலில் தீ வைத்தார்கள். தேதி எனக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை. எழுதினால் ஊரில் எந்த வீடு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த சர்க்கார் லாரி வயல் ஓரமாக மெதுவாகப் போனதைத் தவாலே பார்த்தார். காற்று மலைப்பக்கமிருந்து அடித்தது. காய்ந்த கரும்பிலைச் சோகை எல்லாம் எரிந்து, கறுத்த கழிகள் மட்டும் நின்றன.

கரும்பு தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தீப்பட்ட கரும்பு காத்திருக்காது. சில நாளில் சாறு புளித்துவிடும். அதற்குள் வெட்டி ஆலைக்கு அனுப்ப வேண்டும். அதனால் எங்களிடம் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. யார் வயல் எரிந்தாலும், அவனோடு பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும், கோர்ட்டில் வழக்கே இருந்தாலும், மறுநாள் விடிந்ததும் கேங் முழுவதும் கூப்பிடாமலே கத்தியோடு வந்து நிற்கும்.

அன்றும் அப்படியே வந்து நின்றார்கள். வெட்டுவதில்லை என்று கை தட்டிய அதே ஆட்கள். யாரும் யோசித்து வரவில்லை. புகை தெரிந்தது, கத்தியைத் தீட்டினார்கள், வந்துவிட்டார்கள். சர்தார் முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டுக்கொண்டே முதல் வரிசையில் இறங்கிவிட்டார்.

அக்கா வரப்பில் நின்று கூப்பிட்டாள். "சர்தார் அண்ணே, மேல வாங்க."

"நேரமாவுதும்மா. வெயில் ஏறினா—"

"எங்க வயல ஏன் எரிச்சான்? நிக்கற கரும்ப வெட்டுன்னா நாம வெட்ட மாட்டோம். எரிஞ்ச கரும்பு நின்னா நமக்குப் பொறுக்காது. அது அவனுக்குத் தெரியுது. நம்ம பழக்கத்தையே கயிறாத் திரிச்சு நம்ம கழுத்துல போடறான், நீங்க தலைய நீட்டறீங்க."

சர்தார் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். "வருசப் பாடும்மா இது. முழுக்கப் போயிடும்."

"என் பாடு. போகட்டும்."

"உன் வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"அவருக்குக் கால்தான் வீங்கியிருக்கு, வாய் இல்ல. போய்க் கேளுங்க. இப்ப உக்காருங்க, டீ கொண்டு வர்றேன்."

கத்தியை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரும் வரப்பில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அக்காளின் மூத்த பெண் பெரிய கெட்டிலில் டீ கொண்டு வந்தாள். ரொட்டியும் பூசணிக்காய்க் கறியும் வந்தது. நானும் உட்கார்ந்தேன். ரொட்டியிலும் ஈரச் சாம்பல் வாசனை. அப்போதுதான் லாரி வந்தது.

ஐந்தாறு பேர் இறங்கினார்கள். ஒருவன் தோளில் துப்பாக்கி இருந்தது. வெட்டு தொடங்கிவிட்டதா என்று பார்க்க வந்திருக்கிறார்கள், முகத்திலேயே தெரிந்தது. முன்னால் வந்தவனுக்கு என் வயதுதான் இருக்கும். எங்களைப் போலவே இந்தி பேசினான்.

"கத்தி இருக்கு, கரும்பு இருக்கு. ஏன் உட்கார்ந்திருக்கீங்க?"

எங்கள் ஆட்கள் கோயிலுக்கு வெளியே தமிழ் பேசிப் பல வருடம் ஆகியிருந்தது. அன்று சர்தார் வாயிலிருந்து தமிழ்தான் வந்தது. "யாரும் எழுந்திரிக்காதீங்க. கத்திய மடியிலேயே வையுங்க. எவனாச்சும் தூக்கினீங்க, முதல்ல நான் சாவேன்."

"என்ன சொல்றான் கிழவன்?"

"டீ ஆறிடும்னு சொல்றார்," என்றாள் அக்கா.

அவன் மாமாவைப் பற்றிக் கேட்டான். கால் எப்படி இருக்கிறது, நடக்கிறானா, இன்னொரு முறை அழைத்துப் போகட்டுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அக்கா குனிந்து வரப்பில் கிடந்த தன் கத்தியை எடுத்தாள். துப்பாக்கிக்காரன் நகர்ந்தான். அவள் கத்தியைத் திருப்பி, கூர்ப்பக்கம் தன்னை நோக்கி இருக்க, பிடியை அந்த இளைஞனிடம் நீட்டினாள்.

"வயல்ல நெருப்பு வச்சவன் கேங்குல ஒருத்தன். எங்க வழக்கம் அது. நீ வச்ச, நீ வெட்டு. அடியோட ஒட்டி வெட்டணும், கட்டை நிக்கக் கூடாது. வா, காட்டித் தர்றேன்."

அப்படி ஒரு வழக்கம் எங்களிடம் கிடையாது. அந்த நிமிடத்தில் அவள் உண்டாக்கியது அது.

அவன் வாங்கவில்லை. கத்தி நீட்டியபடியே இருந்தது. பின்னால் நின்றவர்களில் ஒருவன் பார்வையைத் தவாலே பக்கம் திருப்பினான். தவாலே எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே அவர்கள் பாஷையில் மெதுவாக ஏதோ கேட்டார். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டதாகப் பிறகு சொன்னார்.  முன்னால் நின்றவன் கெட்டிலை உதைத்துத் தள்ளிவிட்டு லாரிக்குத் திரும்பினான்.

லாரிச் சத்தம் மறைந்த பிறகு சர்தார் சொன்னார்: "நல்ல கெட்டில். நெளிஞ்சு போச்சு."

கரும்பு நின்ற இடத்திலேயே புளித்தது. அந்த நாற்றம் வீட்டுக்குள்ளும் வந்தது. பிற்பாடு மற்றவர்கள் தங்கள் கரும்பை வெட்டத் தொடங்கினார்கள். ஜெயித்தோம் என்று நான் எழுத மாட்டேன். செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை, இரண்டாவது தடவையும் ராணுவத்தார் ஆட்சியைப் பிடித்தார்கள். எந்த நாட்டுப் படையும் வரவில்லை. வராதது நல்லதா என்று எனக்கு இன்றும் தெரியாது. சில வருடம் கழித்து நான் நியூசிலாந்துக்கு, ஆக்லாந்து வந்துவிட்டேன். இங்கே கூட்டங்களில் அதைப் பற்றி நிறையப் பேசுகிறோம், நல்ல ஹால், நல்ல ஒலிபெருக்கி. வெளியார் தலையிடலாமா என்று கேட்பவர்கள் எல்லோரும் இப்போது வெளியார்தான், நான் உட்பட.

அக்காளும் மாமாவும் புளித்த கழிகளை வெட்டி வயலிலேயே பரப்பினார்கள். மாமா தடி ஊன்றிக்கொண்டு வந்தார். அடிக்கட்டைகள் சாகவில்லை. மறுதாம்பு துளிர்த்தது. அடுத்த வெட்டில் சர்தார் சீட்டுப் போட மறுத்து, முதல் நிலம் அவளுடையது என்றார். ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

சிட்னியிலிருந்து மாமாவின் தம்பி போன் செய்துகொண்டே இருந்தார். விசாவுக்குத் தான் பொறுப்பு, சாமான்களை விற்றுவிட்டு வாருங்கள் என்றார். "இந்த வருசம் வெட்டி முடிச்சுட்டுச் சொல்றேன்," என்றாள் அக்கா. 2000 மே 19 அன்று மறுபடியும் நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கி நுழைந்த செய்தி கேட்டு நானே போன் செய்தேன். இப்போதாவது வா என்றேன்.

"இங்க கரும்பு நல்லா நிக்குது," என்றாள். "வெட்டி முடிச்சுட்டுச் சொல்றேன்."