பேருந்தில் ஒரு எகிப்துப் படம்

திருப்பதி பேருந்து நிலையத்தில் சித்தூர் வண்டி இன்னும் கிளம்பவில்லை. என் போனில் ஒரு பழைய எகிப்துப் படம் ஓடுகிறது, கறுப்பு வெள்ளை. மகன் காதலிக்கும் ஏழைப் பெண்ணைப் பணக்கார அப்பா வாசலோடு திருப்பி அனுப்புகிறார். நான் கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன்.

பக்கத்து இருக்கை அம்மா எட்டிப் பார்க்கிறார். "இன்னாமா, அந்தப் பொண்ண தொரத்திட்டாங்களா?"

"ஆமாம்மா. ஏழைங்கிறதால."

"பாவம். எம் பொண்ணும் லவ் மேரேஜ்தான். பேரன் பொறந்துகீறான், பாத்துட்டுப் போய்க்கினு கீறேன்." சிரித்துக்கொண்டே மடியிலிருக்கும் டப்பாவைத் திறந்து அதிரசம் ஒன்றை நீட்டுகிறார்.

நானும் கையை நீட்டியபடி, "மாப்பிள்ளை என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிடுகிறேன்.

அவர் கை பாதியில் நிற்கிறது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சாதியைச் சொல்கிறார்.

"இது சம்பந்தியம்மா சுட்டதுமா. நீங்க துன்னுவீங்களா?"

என் முகம் எரிகிறது. "குடுங்கம்மா" என்று வாங்கித் தின்கிறேன். நன்றாக இருக்கிறது என்று தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்கிறேன். அவர் தலையை மட்டும் ஆட்டுகிறார். டப்பாவை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

வண்டி கிளம்புகிறது. பேரன் யார் ஜாடை என்று கேட்க நினைக்கிறேன். கேட்காமல், போனில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் படத்தை அணைக்கிறேன்.