சித்தி சொன்ன வணக்கம்

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ல, ள, ழ மூன்றும் என் கையில் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். வரிகளும் புதிதாக ஏர் பிடித்தவன் ஓட்டிய சால் மாதிரி வளையும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்வதென்றால் எனக்கு இதைவிட மோசம், கூச்சம் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, பண்ணையை விட்டு ஓடி மோரீசுத் தீவுக்குக் கப்பலேறியிருந்த சித்தப்பா திரும்பி வந்தார். கூடவே ஒரு சித்தியையும் அழைத்து வந்தார். சித்தி காப்பிரி வம்சம், ஆப்பிரிக்காவிலிருந்து அந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். எங்களைவிடக் கறுப்பு, சுருட்டை முடி. கவுனும் ஓலைத் தொப்பியும் கயிறு கட்டிய சப்பாத்தும் போட்டிருந்தாள். ஆனால் வாயைத் திறந்தால் எங்கள் ஊர்த் தமிழ்தான். கரும்புத் தோட்டத்தில் சித்தப்பாவிடம் கற்றது.

தாமிரபரணிக் கால்வாய் ஓரத்தில், பண்ணையார் நிலத்தில்தான் எங்கள் குடிசை இருந்தது. அப்பாவும் அவருடைய அப்பாவும் அந்தப் பண்ணைக்கென்றே பிறந்தவர்கள். ஓடினவன் வந்துவிட்டான் என்று தெரிந்ததும் பண்ணையார் ஆள் அனுப்பினார். மறுநாள் காலையில் எல்லாரும் அவர் வீட்டு முற்றத்துக்கு வர வேண்டும். ஒரு வார்த்தை பிசகினால் போதும், குடிசையைப் பிரித்துப் போடச் சொல்லிவிடுவார். ஐப்பசி மழை வேறு தொடங்கியிருந்தது.

அன்று சாயங்காலம் அப்பா சித்திக்குப் பாடம் நடத்தினார். பண்ணையார் முன்னால் ‘நான்’ என்று சொல்லக்கூடாது, ‘அடிமை’ என்றுதான் சொல்ல வேண்டும். சித்தப்பா அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவளுக்குச் சொல்லித் தராமலே இருந்திருக்கிறார்.

“அடிமைன்னா?” என்றாள் சித்தி.

சித்தப்பா அவளுடைய பாஷையில் மெதுவாக ஏதோ சொன்னார். சித்தி கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தாள்.

“எங்க அம்மையோட அம்மை அதுதான். வெலைக்கு வாங்கினாங்க. பொறவு சட்டம் வந்து விட்டுட்டாங்க. இங்க சட்டம் வரலியா?”

“வந்துட்டுன்னுதான் சொல்லுதாவ,” என்றார் அப்பா. “நம்ம ஊருக்கு வழி தெரியல போல.”

“அங்கயும் தெரு தனித்தனிதானா?” என்று அம்மா கேட்டாள்.

“சட்டம் வந்த பொறவும் அங்க தோலைப் பாப்பாங்க அக்கா. இங்க எல்லாரும் ஒரே நெறமாத்தான இருக்கிய. எப்படிக் கண்டுபிடிக்காவ?”

“கேப்பாவ,” என்றாள் அம்மா. “நாமளே சொல்லிருவோம்.”

சித்தியோடு சேர்ந்து நானும் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன். அவள் வாயில் ‘அதிமை’ என்றுதான் வந்தது. விடிந்ததும் அம்மா தன் சேலையை அவளுக்குச் சுற்றிவிட்டாள். நாலு எட்டு வைப்பதற்குள் அது அவிழ்ந்து காலைச் சுற்றியது. அதற்குள் ஆள் வந்து கூப்பிட்டுவிட்டான். வேறு வழியில்லாமல் கவுன், தொப்பி, சப்பாத்தோடேயே கிளம்பினாள்.

எங்கள் ஆட்கள் பண்ணையார் வீட்டு வைக்கோற்படப்பு வரைதான் போகலாம். அதைச் சித்தியிடம் சொல்ல எல்லாருமே மறந்துவிட்டோம். அவள் படப்பைத் தாண்டி நேராக வாசற்படிவரை போய்விட்டாள். அப்பா வாயைப் பொத்திக்கொண்டார். சித்தி திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் ஒருவரும் இல்லை. பயத்தில் படித்த பாடம் மறந்துபோயிற்று. முழங்காலைச் சற்றே மடக்கித் தலையைத் தாழ்த்தி, “போன்சூர், மிசியே,” என்றாள்.

சாய்வு நாற்காலியில் கிடந்த பண்ணையார் நிமிர்ந்து உட்கார்ந்து துண்டைச் சரிசெய்தார்.

“ஏலே, இது என்ன பாசை?”

“பிராஞ்சுத் துரைமாரு பாசை, சாமி,” என்றார் சித்தப்பா, படப்போரத்தில் நின்று.

“சட்டைக்காரியா?”

வெள்ளைக்காரக் கலப்பில் பிறந்தவர்களை அந்நாளில் அப்படிச் சொல்வார்கள். சித்தப்பா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

“இம்புட்டுக் கறுப்பா இருக்கா?”

“கடல் நடுவுல வெயிலு சாஸ்தி, சாமி.”

பண்ணையார் வழக்கமாகக் கேட்கிற ‘நீ எந்தத் தெரு?’ என்ற கேள்வியை அவளிடம் எப்படிக் கேட்பதென்று தெரியாமல் திண்டாடினார். பெஞ்சு கொண்டுவரச் சொன்னார். சித்தி உட்காரவில்லை.

“சரி சரி. குடிசை அங்கனயே இருக்கட்டும். மழைக்கு முன்ன வீட்டுக்குப் போங்க,” என்றார்.

அந்தப் ‘போங்க’வை எங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னார் என்று அப்பா சாகும்வரை சாதித்தார்.

கால்வாய்க் கரைவரை வேகமாக நடந்தோம். அங்கே வந்ததும் சித்தப்பா சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தார். அம்மா சிரித்தாள். அப்பாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அப்படி என்ன தாயி சொன்ன, மனுசன் ஆடிப்போயிட்டாரு?”

சித்தப்பாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “ஒண்ணுமில்லண்ணே. தோட்டத்துல வெள்ளைக்காரன் குதிரையில வந்தாம்னா எல்லாரும் குனிஞ்சு சொல்லுவோம். கும்பிடுதேன் எசமான், அம்புட்டுத்தான்.”

அப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது. தம்பி மனைவியை நேருக்கு நேர் பார்க்காதவர், அன்று சித்தியின் முகத்தைப் பார்த்தார். சித்தியும் பார்த்தாள். பிறகு இரண்டு பேருமாக, கூடப் பிறந்தவர்கள் மாதிரி, சத்தமில்லாமல் சிரித்தார்கள்.

எனக்குக் குடிசை தப்பிய சந்தோஷம். மழை விடும்வரை பண்ணை எருமைகளுக்கெல்லாம் ‘போன்சூர், மிசியே’ சொல்லித் திரிந்தேன். அப்பாவும் சித்தியும் மட்டும் பிறகு எதற்குச் சிரித்தார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

பார்த்திப வருஷம், ஐப்பசி 9. வெளியே மழை.